டொனெட்ஸ்க்: நிலக்கரி கூட்டிச் சேர்த்த நகரம்

"டொனெட்ஸ்க் அடிப்படையில் ரஷ்ய நகரமா, உக்ரைனிய நகரமா? அங்கே வாழ்ந்த மக்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள்?" என்பது கேள்வி. கிழக்கு உக்ரைனில் போர் மூண்ட 2014க்குப் பிறகு இக்கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. பெரும்பாலான விடைகள் "அங்கே எல்லாரும் ரஷ்ய மொழிதான் பேசுகிறார்கள்" என்ற ஒற்றை வரியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அந்த வரி ஏறத்தாழ உண்மைதான். ஆனால் அதிலிருந்து வழக்கமாக எடுக்கப்படும் முடிவு தவறு. ஒரு நகரம் எந்த மொழியைப் பேசுகிறது என்பதும், அது எந்த நாட்டைத் தன் நாடாகக் கருதுகிறது என்பதும் ஒன்றல்ல. டொனெட்ஸ்க்கில் இவ்விரண்டும் எப்படித் தனித்தனியே உருவாயின என்பதை அறிய, நிலக்கரியின் கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

அசோவ் கடலுக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், கால்மியுஸ் என்ற சிற்றாற்றின் கரையில் நகரம் அமைந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது புல்வெளி. சபரோழிய கோசாக்குகளின் (கோசாக்குகள் என்போர் எல்லைப்புறப் போர்வீரர் சமூகத்தினர்) நிலத்துக்கும் தோன் கோசாக்குகளின் நிலத்துக்கும் இந்த ஆறே எல்லையாக இருந்தது. பிற்காலத்திலும் ஆற்றின் மேற்குக் கரை எக்கத்தெரினோஸ்லாவ் மாகாணத்திலும், கிழக்குக் கரை தோன் படைப் பிரதேசத்திலும் இருந்தன. இது வெறும் வரைபடச் செய்தியன்று. யூதர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட மாகாணங்களுள் எக்கத்தெரினோஸ்லாவ் ஒன்று. தோன் பிரதேசத்திலோ அவர்கள் குடியேறத் தடை இருந்தது. ஆகவே ஒரே நிலக்கரிப் படுகையின் மேல், ஓர் ஆற்றின் இரு கரைகளில், இருவேறு மக்கள் கலவைகள் உருவாயின. தெற்கே மரியுபோலைச் சுற்றி, 1778இல் இரண்டாம் கத்தரீனின் ஆட்சியில் கிரிமியாவிலிருந்து பெயர்க்கப்பட்ட கிரேக்கர்கள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினர் கிரேக்கமும் மற்றொரு பிரிவினர் துருக்கிய மொழி ஒன்றும் பேசினர். உக்ரைனிய உழவர் சிற்றூர்கள், செர்பியக் குடியேற்றங்கள், ஜெர்மானியக் குடியேற்றங்கள் என, சுரங்கம் தோண்டப்படும் முன்பே இந்தப் புல்வெளியில் பலர் வாழ்ந்தனர்.

நகரமாக அதைத் தோற்றுவித்தவர் வேல்ஸ் நாட்டவர். மெர்தர் டிட்ஃபில் என்ற இரும்புத் தொழில் ஊரில் பிறந்த ஜான் ஹியூஸ், லண்டனின் மில்வால் இரும்பாலையில் கவசத் தகடு செய்வதில் பெயர் பெற்றவர். இரும்புக் கவசக் கோட்டைகளுக்காகவும் தண்டவாளங்களுக்காகவும் வெளிநாட்டு இறக்குமதியை நம்பியிருந்த ரஷ்யப் பேரரசுக்கு, கிரிமியப் போரில் அடைந்த தோல்வி தன் தொழில்துறையின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்திருந்தது. தெற்கில் இரும்பாலை அமைத்துத் தண்டவாளம் உற்பத்தி செய்யும் உரிமையை இளவரசர் கொச்சுபேயிடமிருந்து வாங்கிய ஹியூஸ், 1869இல் 3,00,000 பவுண்டு மூலதனத்துடன் 'புதிய ரஷ்யா கம்பெனி'யை லண்டனில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு எட்டுக் கப்பல்களில் இயந்திரங்களையும் ஏறத்தாழ நூறு வேல்ஸ் தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு அசோவ் கடல் வழியாக வந்து சேர்ந்தார். 1871இல் மூட்டிய முதல் ஊதுலை சில நாள்களிலேயே அணைந்துபோயிற்று. 1872 தொடக்கத்தில்தான் வார்ப்பிரும்பு தொடர்ந்து வரத் தொடங்கியது. ஹியூஸ் என்ற பெயர் ரஷ்ய நாவில் 'யூஸ்' ஆயிற்று. அவரது ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு 'யூசிவ்கா' (ரஷ்ய ஒலிப்பில் யூசொவ்கா) ஆயிற்று. ஒரு தொழிற்சாலை முதலாளியின் பெயரே ஓர் ஊரின் பெயராக 50 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

ஹியூஸ் இங்கு வந்ததற்குக் காரணம் ஒன்றே. இரும்பை உருக்கத் தேவையான கோக் தரும் நல்ல கரி, ஆலையின் காலடியிலேயே கிடைத்தது. இரும்புத்தாதுதான் பற்றாக்குறையாக இருந்தது. 1884இல் நீப்பர் ஆற்றைக் கடந்து க்ரிவி ரீஹ் தாதுவயல்களை டொன்பாஸுடன் (இந்த நிலக்கரிப் படுகையின் பெயர் அது) இணைத்த இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அந்தக் குறையும் நீங்கியது. பெல்ஜிய, பிரெஞ்சு மூலதனம் அலையலையாக வந்தது. புல்வெளியில் ஆலைப் புகைபோக்கிகள் முளைத்தன. அந்தக் காலத்தின் அடையாளமாக இன்றும் போற்றப்படுவது ஓர் இரும்புப் பனை. ஹியூஸ் ஆலையின் கொல்லர் ஒலெக்சி மெர்த்சாலொவ், ஒரே தண்டவாளத்தை வெட்டாமல் ஒட்டாமல் அடித்து வளைத்து, இலைகளோடு கூடிய பனைமரமாக்கினார். 1896இல் நிஷ்னி நோவ்கொரோத் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. டொனெட்ஸ்க் மாகாணத்தின் சின்னத்தில் இன்றும் அந்தப் பனை நிற்கிறது. கொல்லர் ஒருவரின் கைவேலையை மாகாணச் சின்னமாகக் கொண்ட இடங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் யார் என்பதில்தான் கேள்விக்கான விடையின் முதல் பாதி இருக்கிறது. அருகிலிருந்த உக்ரைனிய உழவர்கள் பெரும்பாலும் இறங்கவில்லை. கரிசல் மண் அவர்களுக்குச் சோறு போட்டது. நிலத்தடிக்குப் போவதை அவர்கள் விரும்பவுமில்லை. நிலம் பற்றாத ஓரெல், கூர்ஸ்க், தம்பொவ், ஸ்மொலென்ஸ்க் முதலிய ரஷ்ய மாகாணங்களிலிருந்து ஆண்கள் கூட்டம்கூட்டமாக இலையுதிர்காலத்தில் வந்து, குளிர்காலம் முழுவதும் கரி வெட்டி, அறுவடைக்குத் தம் ஊர் திரும்பினர். காலப்போக்கில் ஒரு பகுதியினர் தங்கிவிட்டனர். பின்னாளில் சோவியத் தலைவரான நிகிதா குருஷ்சேவின் தந்தை கூர்ஸ்க் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து இப்படித்தான் சுரங்க வேலைக்கு வந்தார். மகனும் இங்கே பட்டறைத் தொழிலாளியாக வளர்ந்தார். கடைகளையும் கைத்தொழில்களையும் யூதர்கள் நடத்தினர். மேலாளர்களும் தேர்ந்த தொழிலாளர்களும் வேல்ஸ்காரர்கள். அவர்களுக்கென்று செங்கல் வீடுகளும் ஆங்கிலத் திருச்சபையும் இருந்தன. கரி வெட்டியவர்களோ மண்ணைத் தோண்டி மேலே கூரை போட்ட குழிவீடுகளில் கிடந்தனர்.

அக்குடியிருப்பின் அமைதி எப்போதும் மெல்லிய ஓடு போன்றதாகவே இருந்தது. 1892 கோடையில் காலரா பரவியபோது, நோயாளிகளை வலுக்கட்டாயமாகப் பிரித்து வைக்கிறார்கள் என்ற கோபத்தில் எழுந்த கலகம், யூதர் கடைகளைக் கொளுத்திச் சூறையாடுவதில் முடிந்து, படை வந்த பின்பே அடங்கியது. 1905 அக்டோபரில் யூதர்கள் மீது மீண்டும் கொலைவெறித் தாக்குதல் நடந்தது. 1908இல் ரிக்கோவ்ஸ்கி சுரங்கத்தில் வாயு வெடித்து ஏறத்தாழ 270 பேர் மாண்டனர். 'பல இன மக்கள் ஒற்றுமையாக வாழ்ந்த உழைப்பாளர் நகரம்' என்று பிற்காலத்தில் வரையப்பட்ட சித்திரத்தில் இந்தப் பக்கங்கள் விடப்பட்டுவிடுகின்றன, விடக்கூடாதவை அவை.

புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தன. 1918இல் டொனெட்ஸ்க்–க்ரிவி ரீஹ் சோவியத் குடியரசு என்று ஒன்று அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே நீடித்தது. அதன் பிறகு, சோவியத் உக்ரைனுக்குத் தொழிலாளர் அடித்தளம் வேண்டும் என்ற கணக்கில் லெனின் தரப்பே டொன்பாஸை உக்ரைனோடு சேர்த்தது. வேல்ஸ்காரர்கள் வெளியேறினர், ஆலை தேசியமயமானது. யூசிவ்கா 1924இல் ஸ்டாலின் என்றும் பிறகு ஸ்டாலினோ என்றும் பெயர் மாறியது.

1926இல் 1 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த மக்கள்தொகை, 1939இல் நான்கரை லட்சத்துக்கும் மேலாயிற்று. பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு மடங்கு! இப்பெருக்கத்தை வெறும் 'தொழில்மயம்' என்ற சொல்லால் கடந்துவிட முடியாது. கூட்டுப்பண்ணைத் திட்டம் உழவர்களின் நிலத்தைப் பறித்தது. 'குலாக்' (வசதி படைத்த உழவர்) என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் சைபீரியாவுக்கு அனுப்பப்படும் அச்சத்தில் ஓடினர். 1932–33இல் செயற்கையாக விளைவிக்கப்பட்ட பஞ்சத்தில், உக்ரைனியர்கள் 'ஹொலொடொமோர்' என்று அழைக்கும் அந்தப் பேரழிவில், சிற்றூர்கள் வெறிச்சோடின. சுரங்கத்தில் ரொட்டிப் பங்கீட்டு அட்டை கிடைத்தது, பெயரையும் பிறப்பையும் அதிகம் கேட்காமல் வேலை கொடுத்தார்கள். முன்பு சுரங்கத்தை வெறுத்த உக்ரைனிய உழவர்கள் இப்போது உயிர் பிழைக்க அங்கே வந்தனர். வந்தவர்கள் தாம் யார் என்பதை மறைக்க வேண்டிய கட்டாயத்தில் வந்தனர் என்பதை மறந்துவிடக்கூடாது. மொழியை மாற்றிக்கொள்வது அந்த மறைப்பின் ஒரு பகுதி.

இடையே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. ஹியூஸ் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர 1889இல் வேல்ஸிலிருந்து ஒரு பெண் யூசிவ்காவுக்கு வந்து சில ஆண்டுகள் தங்கியிருந்தார். அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த மகன் கேரத் ஜோன்ஸ் ரஷ்ய மொழி கற்று, பத்திரிகையாளராகி, 1933 மார்ச்சில் உக்ரைனிய ஊர்களில் நடந்து சென்று பார்த்த பஞ்சத்தைத் தன் பெயரிலேயே உலகுக்கு அறிவித்தார். மற்ற மேற்கத்திய நிருபர்கள் பலர் அவரை மறுத்தனர். ஹியூஸின் ஆலைக்கும் அந்த அறிக்கைக்கும் இடையே இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

1920களில் சோவியத் அரசே ஊக்குவித்த உக்ரைனியமயத்தில் பள்ளிகளும் செய்தித்தாள்களும் உக்ரைனிய மொழிக்கு மாறின. கிரேக்கருக்கும் யூதருக்கும் அவரவர் மொழிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1930களில் அது திருப்பப்பட்டது. 1937–38இல் இரகசியக் காவல்துறை நடத்திய கிரேக்கருக்கு எதிரான நடவடிக்கையில் இப்பகுதியின் கிரேக்கச் சமூகம் நொறுக்கப்பட்டது. அடுத்து ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, 1941 அக்டோபர் முதல் 1943 செப்டம்பர் 8 வரை. நகரின் யூதர்கள் 1942இல் ஒரு சுண்ணாம்புக் குழிப் பகுதியில் அடைக்கப்பட்டுப் பின் கொல்லப்பட்டனர். 'நான்கு–நான்கு பிஸ்' என்ற எண்ணுடைய சுரங்கத்தின் ஆழ்குழியில் யூதர்கள், போர்க்கைதிகள், நகர மக்கள் என்று பல்லாயிரக்கணக்கானோரின் உடல்கள் வீசப்பட்டன. கரி எடுக்கத் தோண்டிய குழியே கல்லறையாயிற்று. ஹியூஸ் காலத்திலிருந்து நகரின் அங்கமாக இருந்த யூதச் சமூகம் அதன் பின் பழைய அளவை எட்டவே இல்லை.

போருக்குப் பின் நீர் நிரப்பப்பட்டுக் கிடந்த சுரங்கங்களை மீட்க, சோவியத் ஒன்றியம் முழுவதிலிருந்தும் ஆள் திரட்டப்பட்டது. போர்க்கைதிகளும் நாடுகடத்தப்பட்டோரும் அதில் சேர்க்கப்பட்டனர். 1951இல் போலந்துடன் நிலப்பரிமாற்றம் செய்தபோது, கார்ப்பதிய மலைச்சரிவில் வாழ்ந்த போய்க்கோ உக்ரைனியர்கள் ஊரோடு பெயர்க்கப்பட்டு டொனெட்ஸ்க் மாகாணத்தின் சிற்றூர்களில் குடியமர்த்தப்பட்டனர். 1961இல் நகரம் டொனெட்ஸ்க் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. 1960களில் மாகாணக் கட்சித் தலைவராக இருந்த தெஹ்த்யரோவ் காலத்தில் தெருவெங்கும் ரோஜாச் செடிகள் நடப்பட்டு, 'மில்லியன் ரோஜாக்களின் நகரம்' என்று அது தன்னை அழைத்துக்கொண்டது. கரிக்கழிவைக் கொட்டிக்கொட்டி எழுந்த கூம்பு மலைகள் (தெரிக்கோன் என்பது அங்குள்ள பெயர்) நகரின் நடுவிலேயே நிற்கின்றன. சில உள்ளுக்குள் பல்லாண்டுகளாகக் கனன்றுகொண்டிருந்தன. நகரம் ஒரே மையத்திலிருந்து விரிந்ததன்று. ஒவ்வொரு சுரங்கத்தைச் சுற்றியும் ஒரு குடியிருப்பு, இடையே தரிசு, மீண்டும் ஒரு குடியிருப்பு என்று சிதறிக் கிடந்தவை பின்னர் ஒட்டிக்கொண்டன. ஆகவே அங்குள்ளவர்கள் தம் ஊரை நகரின் பெயரால் அல்லாது சுரங்கத்தின் பெயரால் சொல்வது வழக்கம்.

இந்தக் கலவையில் ரஷ்ய மொழி எப்படிப் பொதுமொழியாயிற்று? பல இடத்தவர் கூடுகிற பணியிடத்தில் ஆணையும் எச்சரிக்கையும் ஒரே மொழியில் இருந்தாக வேண்டும். சுரங்கத்தில் அது உயிர் காக்கும் விஷயம். அந்த மொழி தொடக்கத்திலிருந்தே ரஷ்யமாக இருந்தது. அதோடு பதவி உயர்வும் உயர்கல்வியும் ரஷ்யத்தோடு பிணைக்கப்பட்டன. 1958–59 கல்விச் சட்டம், பிள்ளை எந்த மொழிப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. பார்வைக்குச் சுதந்திரமாகத் தோன்றிய அந்த விதி, நடைமுறையில் உக்ரைனியப் பள்ளிகளை வற்றச் செய்தது. 1980களில் நகரில் உக்ரைனிய மொழிப் பள்ளி ஏறத்தாழ இல்லை என்ற நிலை. கவிஞர் வசில் ஸ்தூஸ் சிறுவயதிலேயே குடும்பத்தோடு வந்து வளர்ந்ததும் படித்ததும் இந்நகரில்தான். உக்ரைனிய மொழிக்காகவும் உரிமைக்காகவும் பேசியவர், 1985இல் சோவியத் சிறைமுகாமில் இறந்தார். இருப்பினும், அங்கே பேசப்படும் ரஷ்யம் மாஸ்கோ ரஷ்யமல்ல. 'க' (g) ஒலி அங்கே உக்ரைனியத்தில் போல மூச்சொலியாக ஒலிக்கும். பேச்சில் உக்ரைனியச் சொற்கள் கலந்திருக்கும். பாட்டி பேசிய மொழி பேரனின் ஒலிப்பில் ஒளிந்திருக்கிறது.

இப்போது எண்களைப் பார்க்கலாம். 2001 கணக்கெடுப்பின்படி நகரில் தம்மை ரஷ்யர் என்றவர்கள் 48.15 சதவீதம், உக்ரைனியர் என்றவர்கள் 46.65 சதவீதம், எஞ்சியோருள் பெலாருசியர், கிரேக்கர், யூதர், தாத்தார் முதலியோர். ஆனால் தாய்மொழி ரஷ்யம் என்றவர்கள் 87.8 சதவீதம். அதாவது நகரின் உக்ரைனியர்களுள் பெரும்பான்மையோர் ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மாகாணம் முழுவதையும் எடுத்தால், ரஷ்யர் என்று பதிந்தோர் 1989இல் 43.6 சதவீதம், 2001இல் 38.2 சதவீதம். இந்த இறக்கத்தை இடப்பெயர்ச்சியால் மட்டும் விளக்க முடியாது. அதே குடும்பங்கள் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் வேறு விடை அளித்தன என்பதே என் கணிப்பு. கலப்புத் திருமணங்கள் மலிந்த சமூகத்தில் 'தேசிய இனம்' என்ற கட்டத்தில் இடப்படும் குறி, இரத்தத்தைக் காட்டுவதைவிடக் காலத்தைக் காட்டுகிறது. இதே மக்கள்தாம் 1991 டிசம்பர் பொதுவாக்கெடுப்பில், டொனெட்ஸ்க் மாகாணத்தில், உக்ரைனின் விடுதலைக்கு 83.9 சதவீதம் ஆதரவளித்தனர்.

அந்த வாக்குக்குப் பின்னால் இருந்ததும் சுரங்கமே. 1989 ஜூலையில் சைபீரியாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாள்களில் டொன்பாஸுக்குப் பரவியது. தலைக்கவசத்தோடும் கரிபடிந்த முகத்தோடும் ஆயிரக்கணக்கானோர் டொனெட்ஸ்க் நடுச்சதுக்கத்தில் அமர்ந்தனர். பணி முடிந்து மேலே வந்தவர் முகம் கழுவச் சோப்பு இல்லை என்பதும் அவர்கள் குறைகளுள் ஒன்று. கரியில் உழைப்பவருக்குச் சோப்பு கிடைக்காத ஆட்சி எப்படிப்பட்டது என்று அதைக் கேட்ட எவரும் புரிந்துகொண்டனர். மாஸ்கோவின் அமைச்சகங்கள் தம்மைச் சுரண்டுகின்றன என்ற எண்ணம் 1991 வாக்காக மாறியது. விடுதலைக்குப் பின் விலைவாசி உயர்ந்து ஊதியம் தேங்கியபோது அதே கோபம் கீவ் பக்கம் திரும்பியது. 1993 ஜூனில் சஸியாத்கோ சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம், மாகாணத்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்று கேட்டதோடு, நாட்டில் முன்கூட்டியே தேர்தல் நடத்தவும் காரணமாயிற்று. தூரத்துத் தலைநகர் மீதான அவநம்பிக்கை இந்நகரின் நிலையான குணம். தலைநகர் எது என்பதுதான் மாறியது. அதனைப் பிரிவினை என்று படிப்பது அவசரம்.

தொழிலின் உள்நிலையும் சொல்லத்தக்கது. நூறாண்டுக்கு மேல் தோண்டியதால் கரிப்படலங்கள் ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய்விட்டன. பல படலங்கள் ஒரு மீட்டர் தடிமன்கூட இல்லாதவை; படுத்தபடியே வெட்ட வேண்டியவை. ஆழம் கூடக்கூடப் பாறையின் வெப்பமும் மீத்தேன் அழுத்தமும் கூடுகின்றன. 1998இல் ஸ்கொச்சின்ஸ்கி சுரங்கத்தில் 63 பேர், சஸியாத்கோவில் 1999இல் 50 பேர், 2001இல் 55 பேர், 2007 நவம்பரில் 101 பேர் வெடிப்புகளில் இறந்தனர். நட்டத்தில் மூடப்பட்ட சுரங்கங்களின் ஊர்களில், வேலையிழந்தவர்கள் கொல்லைப்புறத்திலேயே அனுமதியற்ற குழி தோண்டிக் கரி எடுத்தனர். 'கொப்பாங்கா' எனப்படும் அக்குழிகளில் இறந்தவர்கள் முறையான கணக்குக்கு வருவதும் அரிது. மறுபுறம், தாத்தார் சுரங்கத் தொழிலாளியின் மகனாக இந்நகரில் பிறந்த ரினாத் அக்மேதொவ், கரியையும் எஃகையும் மின்சாரத்தையும் ஒன்றிணைத்து நாட்டின் பெருஞ்செல்வரானார். 1936இல் சுரங்கத் தொழிலாளர் அணியாகத் தொடங்கிய ஷக்தார் கால்பந்துக் கழகம் அவர் காலத்தில் 2009இல் யூஈஎஃப்ஏ (UEFA) கோப்பையை வென்றது. அதே ஆண்டு டொன்பாஸ் அரினா திறக்கப்பட்டது.

2014 ஏப்ரலில் ஆயுதமேந்தியோர் அரசுக் கட்டடங்களைக் கைப்பற்றி 'மக்கள் குடியரசு' அறிவித்தனர். அதே மாதம் கீவ் சர்வதேச சமூகவியல் நிறுவனம் எடுத்த ஆய்வில், டொனெட்ஸ்க் மாகாணத்தில் ரஷ்யாவோடு இணைவதை ஆதரித்தோர் 27.5 சதவீதம் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டோர் எதிர்த்தனர். கீவ் மீது மனக்குறை பரவலாக இருந்தது உண்மை. ஆனால் குறையைப் போராக்கியதில் ரஷ்யாவிலிருந்து வந்த ஆட்களும் ஆயுதங்களுமே முதன்மைப் பங்கு வகித்தன; இகோர் கிர்கின் போன்ற ரஷ்யக் குடிமக்களே படைத்தலைமை ஏற்றிருந்தனர். இசையமைப்பாளர் புரொக்கொஃபியெவ் பெயர் தாங்கிய புதிய விமான நிலையம் 2015 ஜனவரிக்குள் இடிபாடாயிற்று. காப்புப்பொருள் ஆலையாக இருந்து 2010 முதல் கலை மையமாக இயங்கிய 'இசொல்யாத்சியா' வளாகம் சிறையாகவும் சித்திரவதைக் கூடமாகவும் மாற்றப்பட்டது. பல்கலைக்கழகம் வின்னித்சியாவுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் ஸ்தூஸின் பெயரைச் சூட்டிக்கொண்டது. டொனெட்ஸ்க்கில் அதன் பழைய கட்டடச் சுவரிலிருந்த அவரது புடைப்புச் சிற்பம் 2015இல் அகற்றப்பட்டது.

இன்று அங்கே வாழ்வோரின் கலவை என்ன என்று கேட்டால், 2001 கணக்கையே திருப்பிச் சொல்வது பொருளற்றது. பல லட்சம் பேர் உக்ரைனின் பிற பகுதிகளுக்கும் ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றுவிட்டனர். இருந்த ஆண்களுள் ஏராளமானோர், சுரங்கத் தொழிலாளர் உட்பட, 2022இல் கட்டாயப் படைச்சேர்ப்பில் களத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்த ஆண்டு செப்டம்பரில் ரஷ்யா இப்பகுதியைத் தன்னோடு இணைத்ததாக அறிவித்ததை ஐ.நா. பொதுச்சபை ஏற்கவில்லை. சுரங்கங்கள் பல நிரந்தரமாக மூடப்பட்டு, நீர் இறைக்கும் பம்புகள் நிறுத்தப்பட்டுவிட்டன. அவற்றுள் யுன்கோம் சுரங்கத்தில் 1979இல் சோவியத் அரசு சோதனையாக அணுகுண்டு ஒன்றை வெடிக்கச் செய்திருந்தது; அங்கும் 2018இல் இறைப்பு நின்றது. உப்பும் உலோகமும் கரைந்த சுரங்கநீர் மெல்ல மேலேறி நிலத்தடி நீரோடு கலந்துவருகிறது. மேலே, வடக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த சிவெர்ஸ்கி தொனெத்ஸ் கால்வாய் போரில் உடைந்ததால், நகரவாசிகள் சில நாள்களுக்கு ஒருமுறை வரும் குழாய்நீருக்காகக் குடங்களையும் தொட்டிகளையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.